பதினெட்டு வளைவும் ஒரு முள்ளும்

டிசம்பர் 2, திங்கள்

வருஷம் முடிய ஒரு மாதம்கூட இல்லாதபோது டைரி எழுத ஆரம்பிக்கிறவள் சிறுமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இது உரக்கடைக்காரர் கொடுத்தது. பதினோரு மாதமாக அரிசி டிரம் ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று டிரம் ஆடுகிறது, நான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது அடிவாரத்து மெக்கானிக் குருநாதன். "அக்கா, எத்தனாவது வளைவுல சூட்டு முள்ளு ஏறுது, என்ன லோடு, என்ன கியரு, வெயிலா மேகமா, வண்டில எப்ப எதத் தொட்டீங்க, எல்லாத்தையும் எழுதி வைங்க. எதையும் விட்றாதீங்க" என்றார். எதையும் விடாதே என்று என்னிடம் போய்ச் சொல்கிறார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது, பாவம், என்னைப் பற்றித் தெரியாது.

சரி, விடாமல் எழுதுகிறேன். பெயர் பவுனுத்தாய். வயது ஐம்பத்தொன்று. பார்த்தால் நாற்பத்தெட்டு என்று சொல்லுவார்கள். சொல்லாவிட்டால் நானே எடுத்துக் கொடுப்பேன். டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும். அதற்கு வயது இருபத்தெட்டு, பார்த்தால் எழுபது. என் வீட்டுக்காரர் வீரணன் ஓட்டியது. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாக நான் ஓட்டுகிறேன். காலையில் தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் இறக்கித் திண்டுக்கல்லில் போடுவேன். திரும்பும்போது உர மூட்டை, கேஸ் சிலிண்டர், திங்கட்கிழமையானால் ஸ்டெல்லா டீச்சர். மூன்றில் டீச்சர்தான் கனம்.

இன்றைய நிலவரம்: பதினெட்டு கொண்டை ஊசி வளைவில் பதினோராவதில் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டுக்கு அடியிலிருந்து இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி. ஒரு மணி நேரம் நின்றோம். டீச்சர் அதற்குள் மூன்றாம் வகுப்பு நோட்டெல்லாம் திருத்தி முடித்துவிட்டு என் வண்டிக்கும் மார்க் போட்டார். நூற்றுக்கு ஏழு.

டிசம்பர் 3, செவ்வாய்

பழையதையும் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை எஞ்சின் முன்பக்கத்தில் ஒரு குட்டி ஹோஸ் வெடித்தது. சாண் நீளம்கூட இருக்காது. திண்டுக்கல்லில் புதிது வாங்கி ஸ்க்ரூடிரைவரை வைத்து நானே மாட்டினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பழைய ஹோஸுக்குள் ஒரு மரக்கட்டை சிக்கிக் கிடந்தது. எல்லாம் வீரணன் காலத்துக் குப்பை; மனுஷன் வண்டியைப் பார்த்துக்கொண்ட லட்சணம் அப்படி. கொய்யாக் கட்டை, நன்றாக வழுவழுவென்று இருந்தது. எறிய மனசு வராமல் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்தேன். மூடி தொலைந்துபோன நல்லெண்ணெய் பாட்டிலில் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. மூன்று மாதமாக எறும்பு விழுந்துகொண்டிருந்த எண்ணெய் இப்போது சுத்தம்.

மெக்கானிக்கிடம் "ஹோஸெல்லாம் புதுசு" என்று மட்டும் சொன்னேன். நானே மாட்டினேன் என்று சொன்னால் பிரித்துப் பார்ப்பார். மானம் போகும்.

டிசம்பர் 6, வெள்ளி

ரேடியேட்டருக்குப் புது மூடி. "மூடி சரியா அமுக்கலேன்னா தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும்க்கா." பன்னிரண்டாவது வளைவு வரை வந்தது. ஒரு வளைவு லாபம். கீழே சமதளத்தில் முள் ஆடாமல் அசையாமல் இருக்கிறது. லோடோடு மலை ஏறினால்தான் இந்தக் கூத்து.

ஷெட்டில் அவருடைய லைசென்ஸை பிளாஸ்டிக் உறை போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார். தற்செயலாகக் கண்ணில் பட்டது. பிறந்த வருஷம் பார்த்தேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர்! மூன்று வயது மூத்தவர் என்னை நிமிஷத்துக்கு நாலு "அக்கா" போடுகிறார். காதில் முடி கோரைப்புல் மாதிரி வளர்ந்திருக்கிறது, அதை வெட்டுவதில்லை, நான் அக்காவாம்.

டிசம்பர் 10, செவ்வாய்

ரேடியேட்டர் முகத்தில் தூசி அடைப்பு. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினார். வந்தவை: வாழைநார் ஒரு கைப்பிடி, புல் விதை, பட்டாம்பூச்சிகள், ஒரு ஓணானின் அரைப்பகுதி. மீதி அரைப்பகுதி எங்கே என்று டீச்சராக இருந்தால் கேட்டிருப்பார்.

கழுவும்போது பாடினார். சுதி ரெண்டாம் கியரிலேயே நின்றது. ஆனாலும் கை நல்ல கை. ஒரு நட்டைக் கழற்றினால் அது எங்கிருந்து வந்ததோ அதே வரிசையில் துணியில் அடுக்கி வைக்கிறார். வீரணன் நட்டுகளைத் தன் சட்டைப் பையில் போடுவார்; ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் எனக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிடைக்கும்.

பதினான்கு வரை வந்தேன்.

டிசம்பர் 13, கார்த்திகை தீபம்

முள் சிவப்பு, பதிமூன்றில். மேகம் இறங்கி ரோடு தெரியவில்லை. தனியாக நின்றேன். காட்டுமாடு ஒன்று பக்கத்தில் வந்து ஆவியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கும் நமக்கும் ஒத்து வராது" என்பதுபோலப் போய்விட்டது. கை கொஞ்சம் நடுங்கியது. குளிர்.

வீட்டில் விளக்கு வைத்தேன். வீரணன் படத்துக்கு ஊதுபத்தி. அந்த ஊதுபத்தி ஸ்டாண்டைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், எதையும் விடக் கூடாதே. அவர் போன பிறகு டூல்ஸ் பெட்டியில் ஒரு துணியில் சுற்றிக் கிடந்தது. வட்டமாக, செம்பும் பித்தளையுமாக, நடுவில் ஸ்பிரிங் வைத்து, ஓரத்தில் ஊதுபத்தி செருக ஒரு ஓட்டை. ஏதோ கோயில் கடையில் எனக்காக வாங்கி, கொடுக்க மறந்திருப்பார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் நான் கேட்காமல் அவர் வாங்கிய ஒரே பொருள்.

டிசம்பர் 15, ஞாயிறு

காட்டுமாடு விஷயத்தை மருமகள் நிவேதாவிடம் தமாஷாகச் சொன்னேன். அவள் என் மகனிடம் தமாஷில்லாமல் சொல்லிவிட்டாள். கதிரேசன் கோயம்புத்தூரிலிருந்து போனில் கத்தினான்.

"அம்மா, போதும்மா. அத வித்துரு. நாலுவழிச்சால ஓட்டல்காரர் ஒருத்தர் கேக்குறாரு. வாசல்ல ஷோவுக்கு நிறுத்துவாராம்."

"நிறுத்தி?"

"பானெட்டத் தொறந்து வச்சு உள்ள பூச்செடி வைப்பாங்க. பசங்க போட்டோ எடுத்துக்குவாங்க."

இருபத்தெட்டு வருஷம் மலை ஏறிய வண்டியின் வயிற்றில் பூச்செடி!

"நான் என்னடா பண்றது?"

"இங்க வா. ஏழாவது மாடி. லிஃப்ட் இருக்கு. நல்லா காத்து வரும்."

வண்டி பூந்தொட்டி, நான் அதற்குப் பக்கத்துத் தொட்டி. அரைமணி நேரம் வாதாடி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பொங்கலுக்கு அவன் வரும்போது முழு லோடு ஏற்றி, அவனையும் உட்கார வைத்து, பதினெட்டு வளைவும் நிற்காமல் ஏற வேண்டும். ஏறிவிட்டால் அவன் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டான். நின்றால் வண்டி ஓட்டலுக்கு, நான் ஏழாவது மாடிக்கு.

எனக்கு ஒன்றும் பயமில்லை. சாயந்திரம் மட்டும் ரெண்டு தடவை வண்டியைச் சுற்றி வந்து சும்மா தொட்டுப் பார்த்தேன்.

டிசம்பர் 18, புதன்

ஒப்பந்தத்தை மெக்கானிக்கிடம் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "பொங்கலுக்கா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பாடவில்லை.

ரேடியேட்டரை இறக்கி உள்ளே கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார். துருத் தண்ணீர் சாம்பார் நிறத்தில் வந்தது. எஞ்சின் தலையில் முழங்கை மாதிரி வளைந்த குழாயைக் கழற்றிப் பார்த்தார்.

"வால்வு இல்லக்கா."

"என்ன வால்வு?"

"எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம நிறுத்தி வைக்கும். தெர்மோஸ்டாட்டும்பாங்க. நம்ம பக்கம் யாரும் வைக்கிறதில்ல. இந்த வெயிலுக்கு அது எதுக்குன்னு வண்டி வாங்குன மறுநாளே கழட்டிருவாங்க. நானே நூறு வண்டில கழட்டிருக்கேன்."

"எங்க வீட்டுக்காரரும் கழட்டித்தான் எறிஞ்சிருப்பாரு."

"விடுங்க, அதுனால ஒண்ணுமில்ல."

தண்ணீர் பம்ப்பையும் பிரித்தார். உள்ளே இறக்கை முழுசாக இருந்தது. ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். என் குட்டி ஹோஸிடம் வந்து, "இது புதுசு" என்று தாண்டிப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. மாட்டினது யார்!

டிசம்பர் 20, வெள்ளி

பதினைந்து வரை. பிறகு சிவப்பு.

டீச்சரை ஊருக்கு அழைத்துக்கொண்டு மலை இறங்கும்போது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பவுனு, புதுச் சுங்குடிச் சேலையா?"

"கிரீஸ் பட்டாத் தெரியாது டீச்சர், அதான்."

"மஞ்சள்ல கிரீஸ் தெரியாதா?"

கியரை மாற்றினேன். அவர் விடுவாரா? "ஊர்ல எல்லாரையும் அண்ணேங்குற. பஸ் கண்டக்டரு உன் மகன் வயசு, அவன் அண்ணே. குருநாதன மட்டும் 'மெக்கானிக்கு'ங்குற. என்னான்னு கேக்கவா வேணாமா?"

பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கு வாய் நீளம் என்று எழுதி இந்தப் பக்கத்தை முடிக்கிறேன்.

டிசம்பர் 25, புதன்

டீச்சர் கேக் கொடுத்தார். பாதியை ஷெட்டில் கொடுத்தேன். சர்க்கரை இருக்கிறதாம், ஆனாலும் சாப்பிட்டார். பெண்சாதி இறந்து ஒன்பது வருஷமாம். மகள் மதுரையில் நர்ஸாம். இதெல்லாம் நான் கேட்கவில்லை. ரெண்டு மூன்று கேள்விதான் கேட்டேன், மீதியை அவரே சொன்னார்.

டிசம்பர் 27, வெள்ளி

திண்டுக்கல்லில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். பானெட்டைத் திறக்காமலே, "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, எஞ்சினையே இறக்கணும், ரெண்டு மாசம் ஆகும்" என்றார்கள். ரெண்டு மாசம் என்றால் பொங்கல் எங்கே இருக்கிறது! அடிவாரம் வரும்வரை எனக்குக் கண்ணில் ஏதோ தூசி.

மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா. பாத்துட்டு அழுவோம்" என்றார். நான் அழவில்லை என்று சொன்னேன். "சரி, பாத்துட்டு அழாம இருப்போம்."

ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். "ஹெட் கேஸ்கட் போனா ஆயில்ல தண்ணி கலந்து காப்பி மாதிரி ஆயிரும். இது கருப்பா சுத்தமா இருக்கா?" இருந்தது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். "போயிருந்தா தண்ணில குமிழி வரும். வருதா?" ரெண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. அவருடைய தலையும் என் தலையும் லேசாக இடித்துக்கொண்டன. ரேடியேட்டர் வாய் சிறியது, வேறு காரணமில்லை.

பிறகு வண்டியில் ஏறிக்கொண்டு என்கூட எட்டாவது வளைவு வரை வந்தார். முள் ஏறியதும் நிறுத்தச் சொல்லி, ரேடியேட்டரின் அடிப்பக்கத்தைத் தொட்டார். அப்படியே நின்றார்.

"என்ன?"

"எஞ்சின் கொதிக்கப் போகுது. இங்க அடில வெதுவெதுன்னுதான் இருக்கு. கொதிக்கிற தண்ணி ரேடியேட்டருக்கே முழுசா வரல. எங்கயோ குறுக்கு வழில போயிட்டுத் திரும்பி வருது."

"எங்க?"

"அதான் தெரியல." முகத்தில் கிரீஸோடு அப்படி ஒரு கவலை. அக்கா என்று சொல்ல மறந்துவிட்டார். சும்மா குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 1, புதன்

டைரியில் பக்கம் தீர்ந்துவிட்டது. முன்னால் போய்ப் போன வருஷ ஜனவரியில் எழுதுகிறேன். கிழமை இடிக்கிறது. என் வாழ்க்கையில் எதுதான் இடிக்கவில்லை.

முள்: பதினான்கு.

ஜனவரி 6, திங்கள்

இது டைரி இல்லை. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம்.

இன்று வண்டியை ஷெட்டில் விட்டேன். "கடைசியா ஒருவாட்டி எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்குறேன்" என்றார். பஸ்ஸில் மேலே வந்து, சோறு வைத்து, எழுதலாம் என்று பையைத் துழாவினால் டைரி இல்லை.

வண்டியின் டேஷ்போர்டு மேல் இருக்கிறது. அட்டையில் என் கையாலேயே பெரிய எழுத்தில், "மெக்கானிக் பார்ப்பதற்கு."

ஜனவரி 7, செவ்வாய்

காலண்டரில் இன்னொரு தாள். அந்த டைரியில் என்னென்ன இருக்கிறது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். காது முடி. சுதி. லைசென்ஸ். மஞ்சள் சுங்குடி. தலை இடித்தது.

வளைவுக் கணக்கும் அங்கங்கே இருக்கிறது. அதை மட்டும் படிப்பார். படித்தவர்கள் அடுத்தவர் டைரியைப் படிக்க மாட்டார்கள். அவர் எட்டாம் வகுப்பு.

ஏழாவது மாடி அப்படியொன்றும் மோசமாக இருக்காது என்று முதல்முறையாகத் தோன்றுகிறது.

ஜனவரி 8, புதன்

காலை ஒன்பது மணி பஸ்ஸில் குருநாதன் வந்து இறங்கினார். இந்த மலைக்கு என் வீட்டைத் தேடி வருவது இதுதான் முதல்முறை. கையில் டைரி, செய்தித்தாளில் சுற்றி, கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கிற மாதிரி ரெண்டு கையாலும் நீட்டினார்.

"வளைவு எழுதுன வரிய மட்டுந்தான் படிச்சேன்" என்றார்.

காதைப் பார்த்தேன். ரெண்டு காதும் சுத்தமாக, முடி வெட்டப்பட்டு, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தன.

டைரியை வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சேவல்தான் என்னமோ சொன்னது.

"நல்லெண்ண பாட்டிலு எங்க?" என்றார்.

"தோசை சுடவா?"

"அந்தக் கட்டையக் காட்டுங்க."

அடுப்படியிலிருந்து எடுத்துவந்தேன். கட்டையை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார்.

"ஒரு மாசமா நான் எஞ்சின் பூராத் தேடுன அடைப்பு உங்க அடுப்படில எண்ணெய்க்கு மூடியா உக்காந்துருக்கு!"

பிறகு விளக்கினார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் அந்தக் குட்டி ஹோஸ் வழியாக உள்ளேயே சுற்றும். சூடானதும் வால்வு ரேடியேட்டர் பக்கத்தைத் திறந்து, இந்தக் குறுக்கு வழியை அடைத்துவிடும். வால்வைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழியை அடைக்க ஆளில்லை.

"வால்வக் கழட்டுனவன் ஆயிரம் பேரு. கழட்டுனா இந்த ஹோஸ அடைக்கணும்னு தெரிஞ்சவன் ரொம்பக் கம்மி. உங்க வீட்டுக்காரரு கொய்யாக் கட்டையச் செதுக்கி அடைச்சிருக்காரு பாருங்க, என்னா அளவு! கெட்டிக்காரரு."

அதைத்தான் நான் குப்பை என்று திட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் பாட்டிலில் செருகியிருக்கிறேன்.

"அப்ப நாந்தான் வண்டியக் கெடுத்தேனா?"

"கட்டையப் புடுங்குனது நீங்க. புது ஹோஸாச்சே, அதுல என்ன இருக்கப் போகுதுன்னு தாண்டிப் போனது நான். பாதிப் பாதி."

காப்பி போட்டேன், சர்க்கரை இல்லாமல். குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வீரணன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஸ்டாண்டு.

"எழுதியிருந்தது இதத்தானா?" என்றவர், வளைவு வரியை மட்டும் படித்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அப்புறம், "ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு. அழகா இருக்கு. அங்கேயே இருக்கட்டும். நான் கட்டையவே ஹோஸுல வச்சு அடைச்சுக்குறேன்" என்று உளறினார்.

பொய் சொல்லத் தெரியாத முகம். "என்னது அது? சொல்லுங்க" என்றேன்.

சொல்லவில்லை. நான்தான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்பிரிங். மூடுகிற வட்டம். ஓரத்து ஓட்டை.

"வால்வா?"

தலையை மட்டும் ஆட்டினார். "அந்த ஓட்ட, காத்து வெளியேறதுக்கு வச்சது" என்று மெதுவாகச் சொன்னார்.

நாலு வருஷமாக நான் தெர்மோஸ்டாட்டுக்கு ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன். எனக்கு வாங்கிய பரிசு என்று ரெண்டு தடவை அழக்கூட அழுதிருக்கிறேன். அதை டைரியில் எழுதவில்லை. முதலில் அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். பிறகு படத்தில் வீரணன் முகத்தைப் பார்த்தேன். "என்ன பவுனு, நான் போய் உனக்குப் பரிசு வாங்குவேனா?" என்று கேட்கிற அதே முழி. சிரிப்பு வந்துவிட்டது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். என் ஆள் கொடுத்ததை நான்தான் நாலு வருஷமாகச் சாமி கும்பிட்டு வைத்திருக்கிறேன்.

"இது இன்னும் வேல செய்யுமா?" என்றேன்.

"கொதிக்க வச்சுப் பாத்தாத் தெரியும்."

சாம்பலைச் சுரண்டிக் கழுவி, பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வால்வை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். ரெண்டு பேரும் அடுப்பைச் சுற்றி நின்று, முட்டை எப்போது வேகும் என்று பார்க்கிற மாதிரி பார்த்தோம். தண்ணீர் சூடாக ஆரம்பித்தது, வால்வு அசையவில்லை. ஆவி வந்தது, அசையவில்லை. "பூசையிலயே இருந்து பழகிருச்சு போல" என்றேன். அந்த நேரம் பார்த்து நடு வட்டம் மெதுவாக, கொட்டாவி விடுகிற மாதிரி, வாயைத் திறந்தது.

"தொறந்துருச்சு பவுனு!" என்று கத்தினார்.

எடுத்து வெளியே வைத்ததும் ஆறி மறுபடி மூடிக்கொண்டது. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்றாவது தடவை தேவையில்லை. இருந்தாலும் பார்த்தோம்.

ஜனவரி 12, ஞாயிறு

வால்வு வண்டியில். கட்டை எண்ணெய் பாட்டிலில். வால்வு இருந்தால் அது தேவையில்லையாம்.

மகனும் மருமகளும் வந்தார்கள். லோடு: உர மூட்டை பன்னிரண்டு, சிலிண்டர் ஆறு, கதிரேசன், நிவேதா. கூடவே ஸ்டெல்லா டீச்சர், "சோதனைன்னா முழு வெயிட்டோட இருக்கணும்ல" என்று ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை முடித்துவிட்டு அவராகவே வந்து ஏறினார். அடிவாரத்தில் ஷெட் வாசலில் குருநாதன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கழற்ற ஒன்றுமில்லை, சும்மா கையில். எங்களைப் பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டார்.

கதிரேசன் முன்சீட்டில் தண்ணீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டு: நடுவில். பதினொன்று: நடுவில். பதின்மூன்றில் லேசாக அசைந்தது. அவன் கேன் மூடியைத் திருகினான். முள் ஒரு நூல் மேலே போய், அங்கே நின்று, யோசித்து, பழைய இடத்துக்கே இறங்கியது. பின்சீட்டிலிருந்து டீச்சர், "அந்தோணியாரே" என்றார்.

பதினைந்து. பதினாறு. எதிரில் டூரிஸ்ட் வேன் வந்து, ஒதுங்கி, ரெண்டாம் கியரில் உறுமிக்கொண்டே ஏறினேன். பதினேழு. பதினெட்டாவது திரும்பியதும் மலைக்காற்று முகத்தில் அடித்தது. ஏழாவது மாடியில் இது வராது.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதிரேசன் கேனை மூடிக் கீழே வைத்தான்.

"அப்பா இருந்தா இப்படி ஏறியிருக்குமாம்மா?"

"உங்கப்பாதான்டா ஏத்தினாரு" என்றேன். கதையைச் சொன்னேன். ஊதுபத்தி வரை சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "மேகம் இறங்குற நேரத்துல மட்டும் தனியா வராதம்மா. அது ஒண்ணுதான் கேக்குறேன்" என்றான். சரி என்றேன். அவன் பயமும் நியாயம்தான். அந்தக் கார்த்திகை அன்று எனக்கு நடுங்கியது குளிரால் இல்லை.

நிவேதா காதோடு கேட்டாள்: "அத்த, கீழ ஸ்பேனரோட நின்னாரே, அவரு ஏன் நம்மளப் பாத்ததும் திரும்பிக்கிட்டாரு?"

"வெயிலு" என்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கண் ரொம்பக் கூர்மை.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

மாடு இல்லாத வீட்டில் ஜீப்புக்குத்தான் மாலை, சந்தனம், குங்குமம். ரேடியேட்டர் முகத்தை மறைக்காமல் ஓரமாகக் கட்டினேன். இனிமேல் என்னிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

பிற்பகலில் குருநாதன் பஸ்ஸில் வந்தார். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. கதிரேசனிடம் எஞ்சின் பற்றி அரைமணி நேரம் பேசினார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் திண்டாடிக்கொண்டே நீட்டினார்.

பிரித்தால், பித்தளை புஷ் ஒன்று, வண்டி அச்சில் போடுகிற கெட்டி வளையம். கடைசலில் கொடுத்து, பளபளவென்று தேய்த்து, ஓரத்தில் சின்னதாக ஓட்டை போட்டிருந்தது.

"அண்ணன் படத்துக்கு முன்னாடி காலியா இருக்கக் கூடாதுல்ல" என்றார்.

ஓட்டையில் ஊதுபத்தியைச் செருகினேன். சரியாக நின்றது. எந்த வண்டியிலிருந்தும் கழற்றியது இல்லையே என்று மட்டும் கேட்டேன். "இல்ல பவுனு, இது ஊதுபத்திக்குன்னே செஞ்சது" என்றார். கதிரேசன் என்னைப் பார்த்தான், நிவேதா கதிரேசனைப் பார்த்தாள். வீரணன் படத்தில் அதே முழி.

ஜனவரி 17, வெள்ளி

மகனும் மருமகளும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பூந்தொட்டிப் பேச்சு வரவில்லை. வேறு ஏதோ பேச வாயெடுத்த மகனை நிவேதா கிள்ளியதை நான் பார்க்கவில்லை.

லோடு: உரம் பத்து, டீச்சர் இல்லை. முள் பதினெட்டு வளைவிலும் நடுவில். இனிமேல் எழுத வேண்டியதில்லை என்று குருநாதன் சொல்லிவிட்டார். டைரியை அரிசி டிரம்முக்கு அடியில் வைக்கும் முன்னால் புரட்டிப் பார்த்தேன். டிசம்பர் 6-ஆம் தேதிப் பக்கத்தில், "அக்கா" என்று எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் கிரீஸ் விரல் ரேகையோடு ரெண்டு வார்த்தை: "சரி செய்யப்பட்டது."

நாளை காலையில் அடிவாரம் போகிறேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். போனில் சொன்னால் நம்புவாரோ என்னவோ. மஞ்சள் சுங்குடியைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். கிரீஸ் பட்டால் தெரியத்தான் செய்யும்.

டிரம் ஆடட்டும்.